புகையாத அடுப்பும் புகையில்லா அடுப்பும்

‘அடுப்பு புகையவில்லை’ என்று தமிழில் சொன்னால் அந்த வீட்டில் பட்டினி என்று பொருள். ‘புகையில்லா அடுப்பு’ என்று சொன்னால், எண்பதுகளில் அரசுத் திட்டத்தின் பெயரால் ஊர் ஊராக வந்து சேர்ந்த, குழாய் வைத்த மண்ணடுப்பு என்று பொருள். சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. முதலாவதைக் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. இரண்டாவதைக் கேட்டால் ஒன்றிய அலுவலகச் சுவரில் ஒட்டிய பழைய விளம்பரம் நினைவுக்கு வருகிறது. இந்த இரு தொடர்களுக்கும் நடுவே நம் சமையலறைகளில் நடந்தது என்ன என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

இலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லும் பாடல் (164) பலருக்கும் நினைவிருக்கும். சமைப்பதையே மறந்துபோன அடுப்பு, அதில் பூத்த காளான் என்று அந்தக் காட்சி விரியும். அங்கே புகையின்மையே துயரம். குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் பாடல் (167) இதற்கு மறுகோடி. தாளிப்பின் புகை கண்ணில் நிறைய, புதுமனைவி தானே முயன்று சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அது விறகின் புகையன்று, தாளிப்பின் புகைதான். ஆயினும் கண்ணில் ஏறிய புகை அன்பின் அணியாக மாறிவிடும் இடம் அது. இரண்டும் மகத்தான கவிதைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. புகை என்பது வளத்தின் அடையாளம் என்றும், அதைப் பொறுத்துக்கொள்வது அன்பின் அடையாளம் என்றும் ஈராயிரம் ஆண்டுகளாகப் பயின்ற ஒரு சமூகத்துக்கு, அடுப்பங்கரைப் புகையைப் பழுதாகப் பார்க்கத் தோன்றுமா?

தோன்றவில்லை என்பதே என் கருத்து. கூரை ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். குழாய் கசிந்தால் பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அடுப்பு வீட்டுக்குள் புகைந்தால் மட்டும் அடுப்பின் முன் இருக்கும் பெண்ணைத் திட்டுகிறோம். புகை ஒரு பழுது, அதற்குக் காரணம் உண்டு, அக்காரணத்தைக் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். இந்த எளிய உண்மையை வீட்டிலுள்ள மற்றவர்கள், குறிப்பாக ஆண்கள், ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதுதான் அடுப்பங்கரைப் புகையின் முதல் காரணம்.

*

நான் இதை மாதனூரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஆம்பூருக்குச் சற்று முன்னால், பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர். 2019 வரை வேலூர் மாவட்டம். இப்போது திருப்பத்தூர் மாவட்டம். தெற்கே ஜவ்வாது மலைத்தொடர். மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, வடக்கே பேர்ணாம்பட்டு, கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழிலின் ஊர்கள். காலை இருட்டிலேயே ஷூ கம்பெனிப் பேருந்துகள் நெடுஞ்சாலையோரம் நின்று பெண்களை ஏற்றிக்கொள்கின்றன. அந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண், காலைச் சிற்றுண்டியும் மதியச் சோறும் முடித்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, குளிக்க வெந்நீரும் வைத்தாக வேண்டும். அப்படியானால் அவள் அடுப்பை எத்தனை மணிக்கு மூட்டியிருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

‘இப்போதுதான் எல்லா வீட்டிலும் கேஸ் வந்துவிட்டதே’ என்று நண்பர்கள் சொல்வார்கள். வந்துவிட்டது, உண்மைதான். 2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்போடு அடுப்பை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. ஆனால் கேஸ் வந்த வீட்டிலிருந்து விறகடுப்பு வெளியேறிவிடவில்லை. அது முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போனது, அவ்வளவே. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமைக் கறி, விருந்தாளி வந்தால் பெரிய பானைச் சோறு, சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை எல்லாச் சமையலும் என்று அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. 2023இல் சிலிண்டர் விலை சென்னையில் ஆயிரத்து நூறு ரூபாயைத் தாண்டியபோது பின்கட்டு அடுப்புக்கு வேலை கூடியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேலிக்காத்தான் முள் ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் கிடைக்கிறது. அதற்கு விலை வெட்டும் கூலி மட்டும்தான். பல நேரங்களில் அந்தக் கூலியும் பெண்ணின் உடம்பிலிருந்தே போகிறது.

எங்கள் பகுதிக்கு மாசைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சூழலியல் சட்டத்தின் மூலைக்கற்களில் ஒன்று. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. ஆற்றுக்கு ஒரு மன்றம் இருந்தது, வழக்கு இருந்தது, தீர்ப்பும் வந்தது. அதே ஆற்றங்கரை வீடுகளின் பின்கட்டில் ஒரு தலைமுறைப் பெண்களின் நுரையீரலுக்குள் போன புகைக்கு வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. ஏனென்றால் அங்கே மாசுபடுத்துபவளும் மாசை உண்பவளும் ஒருத்தியே. அப்படித்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சமையலறையைச் சன்னலில்லாமல் கட்டியவர் யார், புகைபோக்கியைக் கூரைக்குக் கீழேயே நிறுத்தியவர் யார் என்று கேட்டால் பிரதிவாதி வேறு யாராவது கிடைக்கக்கூடும்.

*

அடுப்பு ஏன் புகைகிறது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று யாரேனும் கேட்டால், பரிமேலழகர் உரையின் நுட்பத்துக்குக் கொடுக்கும் பொறுமையில் பத்தில் ஒரு பங்கை அடுப்புக்கும் கொடுங்கள் என்பதே என் பதில்.

புகை என்பது எரியாமல் தப்பிய விறகு. விறகு சூடானதும் அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. போதிய சூடும் காற்றும் இருந்தால் அவை சுடராக எரிகின்றன. இல்லாவிட்டால் புகையாக வெளியேறுகின்றன. ஆகவே முதல் கேள்வி, விறகு நன்றாக எரிகிறதா என்பது. இரண்டாவது கேள்வி, எரிந்ததும் எரியாததும் போகவேண்டிய வழியில் போகிறதா என்பது. எங்கள் ஊர்ப் பெண்கள் இந்த இரண்டாவதை ‘இழுப்பு’ என்று சொல்வார்கள். ‘குழாய் இழுக்கவில்லை’ என்பார்கள். பாடநூலில் இதைவிட நல்ல கலைச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இழுப்பின் ரகசியம் எளியது. சூடான காற்று லேசானது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ, 150 டிகிரியில் அது சுமார் 0.83 கிலோ. இந்த மூன்றில் ஒரு கிலோ வேறுபாடுதான் குழாய்க்குள் புகையை மேலே தள்ளுகிறது. மூன்று மீட்டர் உயரக் குழாயில் இந்த விசையைக் கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்கு மேல் வராது. ஒரு மில்லிமீட்டர்! புகைபோக்கி என்பது இவ்வளவு மெல்லிய ஒரு பிடிமானத்தில் நிற்கும் பொருள். குழாயில் ஒரு வளைவு, உள்ளே அரை விரல் கனத்துக்குப் படிந்த கரி, பக்கத்து அறையில் ஓடும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் - இவற்றில் எதுவும் அந்தப் பிடிமானத்தை அறுத்துவிடப் போதும்.

எனவே அடுப்பு புகைந்தால் திட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, ‘எப்போது புகைகிறது?’ என்பது. மருத்துவர் காய்ச்சலைப் பற்றிக் கேட்பது போலத்தான்.

மூட்டும்போது மட்டும் பத்து நிமிடம் புகைந்து பிறகு தெளிகிறது என்றால், குழாய் குளிர்ந்திருக்கிறது. உள்ளே நிற்கும் குளிர்ந்த காற்று தக்கைபோல அடைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் குழாயின் அடிப்பக்கம், அதாவது பின்னால் உள்ள கொடியடுப்பில், காய்ந்த தென்னோலையையோ ஒரு தாள் செய்தித்தாளையோ ஒரு நிமிடம் கொளுத்தினால் குழாய் சூடேறும். அது இழுக்கத் தொடங்கிய பிறகு முன்வாயில் சுள்ளியை வைத்து மூட்டலாம்.

எப்போதுமே புகைகிறது என்றால் ஓர் ஊதுபத்திச் சோதனை போதும். அடுப்பு கால் மணி நேரம் எரிந்த பின் அதன் வாயருகே, சுடரில் படாமல், கொளுத்திய ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். அதன் புகை அடுப்புக்குள் போனால் இழுப்பு சரியாகவே இருக்கிறது. குற்றம் விறகில் அல்லது அதை அடுக்கிய விதத்தில். புகை நம் பக்கம் திரும்பினால் குற்றம் குழாயிலோ அறையிலோ இருக்கிறது. அடுத்து வாசற்கதவையும் சன்னலையும் திறந்து அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது உள்ளே போகிறதா? அப்படியானால் குழாய் நிரபராதி. அறைக்குள் காற்று வர வழியில்லை. நாட்டு ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்கு வழியே காற்று வந்துகொண்டிருந்தது. கான்கிரீட் போட்டு, இரும்புச் சன்னல் வைத்து, கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திவிட்டு, குழாய் இழுக்கவில்லை என்றால் எங்கிருந்து இழுக்கும்?

காற்றடிக்கும் நாளில் மட்டும் புகைந்தால் கூரைமேல் பாருங்கள். குழாயின் வாய் கூரை முகட்டுக்குக் கீழே இருந்தால் காற்று மோதிக் கீழே இறங்கும். முகட்டுக்கு மேல் இரண்டடியாவது எழ வேண்டும். எங்கள் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டில் மாடி எழுந்துவிட்டால், அதுவரை ஒழுங்காக இழுத்த குழாய் திடீரென்று எதிர்க்கத் தொடங்கும். மாடிச்சுவரில் மோதும் காற்று நம் குழாயில் இறங்குகிறது. குழாயை உயர்த்துவதும், மேலே மழைமூடி வைப்பதுமே வழி. மூடிக்கும் குழாய்க்கும் நடுவே குழாயின் விட்டத்தில் பாதிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். மூடியையே அடைப்பாக்கிவிட்ட வீடுகளும் உண்டு.

முன்பு நன்றாக இருந்தது, இப்போதுதான் புகைகிறது என்றால், பெரும்பாலும் குழாயில் கரி அடைத்திருக்கும். குளவிக்கூடோ பறவைக்கூடோகூட இருக்கலாம். அடுப்பின் மண் வெடித்திருக்கும். அல்லது பாத்திரம் மாறியிருக்கும். இதை யாரும் கவனிப்பதில்லை. மண்பானைக்கு அளவெடுத்துக் கட்டிய குழியில் சிறிய அலுமினியக் குண்டானை வைத்தால் சுற்றிலும் சந்து விழும். அந்தச் சந்து வழியே புகை வெளியே வருவது மட்டுமல்ல, குளிர்ந்த காற்று உள்ளே போய்க் குழாயின் சூட்டையும் குறைக்கிறது. சந்தைக் களிமண்ணால் பூசியோ ஒரு வளையத்தை வைத்தோ மூட வேண்டும். பாத்திரம் இல்லாத கொடியடுப்பையும் ஒரு தட்டால் மூடிவிட வேண்டும்.

விறகைப் பற்றிச் சொல்வதெல்லாம் பாட்டிமார் சொன்னதுதான். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் அடுப்பு நமக்கு உழைக்கும். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு, இரண்டு மூன்று மாத வெயிலாவது காட்ட வேண்டும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது தொப்பென்று சொல்லும். வாய் நிறையத் திணிப்பதைவிட, சாம்பலை அள்ளிவிட்டு, விறகுக்கு அடியில் காற்று போக ஒரு கம்பித் தட்டு வைத்து, மூன்று நான்கு துண்டுகளாகக் கொடுத்தால் ஊதுகுழலுக்கே வேலையிராது.

தோல் தொழில் ஊர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. தோல் துண்டு, ரப்பர் அடி, பசை டப்பா எதையும் அடுப்பிலோ வெந்நீர்த் தொட்டிக்கடியிலோ போடாதீர்கள். குரோமியம் கொண்டு பதனிட்ட தோலை எரித்தால் அந்தக் குரோமியம் புற்றுநோய் தரும் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். தணல் அள்ளிய சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவதும் கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு கண்ணைக் கரிக்காமலேயே ஆளைக் கொல்லும். பழைய கல்நார்ச் சிமெண்டுக் குழாய் இன்னும் நின்றுகொண்டிருந்தால் அதை அறுக்காமல், உடைக்காமல் விட்டுவிட்டு வேறு குழாய் போடுவதே நல்லது. ஓலைக் கூரையைத் துளைத்துப் போகும் தகரக் குழாயைச் சுற்றி ஓலை படாத இடைவெளி கட்டாயம் வேண்டும்.

*

மாதனூரில் என் சித்தி வீட்டில் நடந்ததைச் சொன்னால் நான் சொல்லவருவது இன்னும் தெளிவாகும். சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய கான்கிரீட் வீடு. பின்கட்டில் புகைபோக்கியோடு விறகடுப்பு. காலையில் பிரச்சினையில்லை, மாலை ஆறு மணிக்கு மேல் மூட்டினால் வீடு முழுவதும் புகை. சித்தியின் மாமியார், விறகு பார்த்து வாங்கத் தெரியவில்லை என்றார். சித்தப்பா, மூட்டத் தெரியவில்லை என்றார். யாரோ ஒருவர் வந்து பார்த்து, அடுப்பு அக்கினி மூலையில் இல்லை என்று சொல்ல, இடித்துத் தென்கிழக்கில் கட்டினார்கள். புகை இடம் மாறி வந்தது.

காலைக்கும் மாலைக்கும் என்ன வேறுபாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தபோது விஷயம் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. மாலையில் கொசுவுக்காகச் சன்னல் எல்லாம் சாத்தப்படும். முன்கட்டில் கேஸ் அடுப்பின் மேலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடத் தொடங்கும். அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று வீட்டுக்குள் வர ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது - புகைபோக்கி. மேலே போக வேண்டிய புகையை அந்த ஃபேன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பின்கட்டுச் சன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைத்ததும், விறகு எரியும்போது ஃபேனை நிறுத்தியதும் தவிர வேறு வைத்தியம் தேவைப்படவில்லை. சித்தி அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இத்தனை நாளு என்னத் திட்டுனாங்களே, அந்த ஃபேனத் திட்டியிருக்கலாம் இல்ல?”

நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘இத்தனை நாள்’ மூன்று ஆண்டுகள். மூன்று ஆண்டுகள் ஒரு பழுது ஒரு பெண்ணின் குணக்குறையாக அந்த வீட்டில் உலவியிருக்கிறது.

*

இது வீட்டோடு நிற்கும் கதையன்று; நாட்டுக்கும் இதே கதைதான். புகையற்ற சமையலறை என்ற கனவு நமக்குப் புதிதல்ல. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்ற பொருளில் தலைப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல் 1953இல் சென்னையில் வெளியானது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ அமைப்பு எண்பதுகளில் மூன்று பாத்திரம் வைக்கும் ‘அஸ்த்ரா ஒலெ’ அடுப்பை உருவாக்கியது. ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. நம் ‘உலை’யின் உறவினர். 1983இல் தொடங்கிய தேசியத் திட்டம் 2002இல் முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகளை நிறுவியதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. அவற்றில் எத்தனை சில ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன என்பது வேறு கணக்கு.

ஏன் உழைக்கவில்லை? ஒடிசாவில் எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2,500க்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்த ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. புகைபோக்கி வைத்த அடுப்பு கிடைத்த முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. அடுப்பைச் சரியாகப் பயன்படுத்துவதும் பராமரிப்பதும் நடக்கவில்லை. 2012இல் வெளியான அந்த ஆய்வை மக்களின் அலட்சியத்துக்குச் சான்றாகப் பலர் வாசித்தார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. குழாயைத் துடைப்பது யாருடைய வேலை என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பு பெண்ணுடையது, கூரை ஆணுடையது. புகைபோக்கி அடுப்பில் தொடங்கிக் கூரையில் முடிகிறது. அவள் கூரைமேல் ஏற வழக்கமில்லை. அவன் அடுப்பங்கரைக்குள் வர வழக்கமில்லை. எனவே குழாய் யாருக்கும் சொந்தமில்லாமல் கரி பிடித்து அடைகிறது. இதற்குப் பெயர் அலட்சியமா? நம் குடும்ப அமைப்பு என்றே எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

*

இரண்டு மறுப்புகளைக் கருத வேண்டும்.

முதலாவது, விறகடுப்பைச் செப்பனிடுவது பழைமையைக் காப்பாற்றுவது ஆகாதா, எல்லாரையும் முழுமையாக எரிவாயுவுக்கு மாற்றுவதல்லவா தீர்வு என்பது. மாற்ற வேண்டும்தான். புகைபோக்கி புகையை அழிப்பதில்லை. அறையிலிருந்து தெருவுக்கு அனுப்புகிறது. மார்கழிக் காலையில் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் அந்தப் புகை எழும்பாமல் தங்கி நிற்பதையும், பக்கத்து வீட்டுச் சன்னல் வழியே திரும்பி வருவதையும் பார்க்கிறோம். ஆனால் மாற்றம் அவ்வளவு எளிதாகக் கணக்கில் அடங்குவதில்லை. தமிழகத்தின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் வேறு மூன்று நாடுகளிலுமாக 3,200 கருவுற்ற பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஒரு பாதியினருக்கு எரிவாயு இலவசமாகத் தரப்பட்டது. அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். புகை தீங்கற்றது என்று இதற்குப் பொருளல்ல. புகையோடு பல்லாண்டு வாழ்ந்த உடம்புக்கும் சூழலுக்கும் சில மாதத்து மாற்றம் போதாது என்று கொள்ள இடமிருக்கிறது. முழு மாற்றம் வரும்வரை, இன்று மாலை மூட்டப்படும் அடுப்பைப் பற்றி ஒருவரும் கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இரண்டாவது மறுப்பு, விறகடுப்பின் ருசி. ஆம்பூர்ப் பக்கத்துக்காரனிடம் இதை மறுத்துப் பேச முடியாது. சீரகச்சம்பா பிரியாணிக்கு விறகுத் தீயும் மூடிமேல் தணலும் வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணத்தில் அண்டா வைத்துச் சமைக்கும் மாஸ்டர் எங்கே சமைக்கிறார்? மண்டபத்தின் பின்னால், திறந்த வானத்தின் கீழே. காற்றுப் பார்த்து அடுப்பின் வாயைத் திருப்பி வைக்கிறார். புகை வந்தால் இரண்டடி தள்ளி நிற்கிறார். கூலியும் புகழும் அவருக்கு உண்டு. அதே விறகில், நான்கு சுவருக்குள், தள்ளி நிற்க இடமில்லாமல் நாள்தோறும் சமைப்பவளிடம் போய்த்தான் நாம் ருசியைப் பற்றிப் பேசுகிறோம். புகையை விரும்புகிறவர்கள் புகைக்கு வெளியே இருப்பவர்கள். கூரையின் பூச்சிக்கும் மேலே கட்டித் தொங்கவிட்ட விதைக்கும் புகை காப்பு என்று முன்னோர் சொன்னது உண்மையே. விதைக்கு நல்லது, மூச்சுக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

*

மொழி ஆசிரியனாக எனக்கு ஓர் ஆசை உண்டு. கோட்டையடுப்பு, கொடியடுப்பு, குமுட்டி, சுள்ளி, வறட்டி, கொள்ளி, தணல், இழுப்பு என்று அடுப்பங்கரையில் எத்தனை சொற்கள்! வட்டார வழக்கு என்று தொகுத்து அருங்காட்சியகத்தில் வைக்கும் சொற்களாக இவற்றைப் பார்க்காமல், ஒரு தொழில்நுட்பத்தின் கலைச்சொற்களாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். ‘குழாய் இழுக்கவில்லை’ என்று அவள் சொன்னால் அது புலம்பல் அன்று, நோய்க்குறிப்பு. கேட்கத் தெரிந்தவருக்கு அதில் பாதி விடை இருக்கிறது.

செய்ய வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. போகிக்கு வீடு வெள்ளையடிக்கிறோம். பழைய பாயையும் டயரையும் தெருவில் எரித்து ஊருக்கே புகை போடுகிறோம். அந்தக் காலை நேரத்தில் வீட்டு ஆண்கள் கூரைமேல் ஏறி, ஒரு கயிற்றின் நுனியில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டிக் குழாய்க்குள் விட்டு, மேலும் கீழும் இழுத்துக் கரியை இறக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை போதாது; தினம் எரியும் அடுப்பென்றால் மாதம் ஒரு முறை வேண்டும். அடுப்பு ஆறியிருக்க வேண்டும், மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். கீழே விழும் கரியை அள்ளுவதும் ஏறியவர் வேலையே.